மாற்றிப் பெட்டியும் மாறாத இரைச்சலும்

சென்ற ஆண்டின் இறுதியில் லண்டன் சென்றிருந்தபோது, ஹரோவில் வசிக்கும் பழைய நண்பர் ஒருவரின் வீட்டில் இரண்டு நாட்கள் தங்கினேன். பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். அன்றுதொட்டு இன்றுவரை அவரிடம் மாறாதிருப்பது இசைப்பித்து ஒன்றுதான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் என்னைத் தமது அறைக்கு அழைத்துச் சென்று, கணினிக்கு அருகில் இருந்த சிறிய கறுப்புப் பெட்டி ஒன்றைக் காட்டினார்.

“ஐசே, ஆயிரத்து இருநூறு பவுண் குடுத்து வாங்கினனான். மூண்டு கிழமையாக் கேக்கிறன், ஒரு வித்தியாசமும் தெரியேல்லை. என்ரை காதிலைதான் பிழையோ எண்டு யோசிக்கிறன்” என்றார்.

இத்தகைய பெட்டியை ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘டாக்’ என அழைக்கிறார்கள். கணினிக்குள் பாட்டு என்பது வெறும் எண்களின் வரிசை. ஒலிபெருக்கிக்கோ எண்கள் புரியா. அதற்கு ஏறி இறங்கும் மின்னலை வேண்டும். முன்னையதைப் பின்னையதாக மாற்றுவதே இந்த மாற்றியின் வேலை. எல்லாக் கணினிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் இப்படி ஒரு மாற்றி உள்ளேயே இருக்கிறது. அதைத் தவிர்த்து, எண்களை எண்களாகவே வெளியே கொண்டுவந்து தனியொரு பெட்டியில் வைத்து மாற்றினால் ஒலி தூய்மையாக இருக்கும் என்பது இதன் பின்னாலுள்ள எண்ணம். எண்ணம் தவறானதல்ல.

நண்பரின் பெட்டியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கணினியிலிருந்து யு.எஸ்.பி. கேபிள் அதற்குப் போயிருந்தது. அதிலிருந்து அம்பிளிபயருக்கு இரண்டு கேபிள்கள் போயிருந்தன. எல்லாம் சரிபோலவே தோன்றியது. ஆனால் கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து அம்பிளிபயருக்குப் போகும் பழைய கேபிளும் அகற்றப்படாமல் அப்படியே கிடந்தது. விண்டோஸின் ஒலி அமைப்பைத் திறந்து பார்த்தேன். வெளியீட்டுக் கருவியாகக் கணினியின் சொந்த ஒலிச் சில்லே தெரிவாகியிருந்தது. அம்பிளிபயரின் குமிழும் பழைய இடத்திலேயே நின்றது. மூன்று வாரங்களாக அந்தப் பெட்டி மின்சாரம் குடித்ததைத் தவிர வேறெந்த வேலையும் செய்திருக்கவில்லை!

அவரைக் கேலிசெய்வதற்காக இதை எழுதவில்லை. (அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன்.) வாழ்நாள் முழுவதும் எண்களோடு சீவியம் நடத்திய கணக்காளர் அவர்; கவனக்குறைவானவர் அல்லர். பெட்டியோடு வந்த கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். உள்ளேயுள்ள சில்லின் பெயர், அது எத்தனை இலட்சம் மாதிரிகளைக் கையாளும் என்ற புள்ளிவிபரம், முகப்புத் தகட்டின் உலோகம் ஆகியவை பற்றியெல்லாம் விரிவாக இருந்தது. இசை அந்தப் பெட்டியை வந்து சேரும் வழியைப் பற்றி இரண்டு வரிகள் மாத்திரமே இருந்தன. என் கருத்தில், இந்த விடயத்தின் முக்கால் பங்கு வழியில்தான் இருக்கிறது. பெட்டியில் இருப்பது கால் பங்குதான். விற்கப்படுவது அந்தக் கால் பங்கு என்பதால் எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள்.

வழி என்று நான் குறிப்பிடுவது கேபிளை அல்ல. கணினிக்குள் நடப்பதைச் சொல்கிறேன்.

சொனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கி 1982இல் சந்தைக்கு வந்த இறுவட்டில், ஒலி விநாடிக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு எண்ணாகப் பதியப்படுகிறது. ஏன் இந்த விநோதமான எண் என்று பலர் கேட்பதுண்டு. அக்காலத்தில் இத்தனை எண்களைச் சேமிக்கக்கூடிய மலிவான ஊடகம் வீடியோ நாடா ஒன்றுதான். தொலைக்காட்சிப் படத்தின் ஒவ்வொரு கோட்டிலும் 3 எண்கள், ஒரு புலத்தில் பயன்படும் கோடுகள் 245, விநாடிக்குப் புலங்கள் 60. மூன்றையும் பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 294 கோடுகளும் 50 புலங்களும். பெருக்கினால் அதே எண். தொலைக்காட்சியின் கணக்கு இசையின் கணக்காகிவிட்டது. ஆனால் கணினி உலகமும் வீடியோ உலகமும் வேறொரு எண்ணில் நிலைகொண்டன. அது 48,000. இன்டெல் நிறுவனம் 1997இல் வகுத்த ஒலி நியமம் இந்த எண்ணையே அடிப்படையாகக் கொண்டது. இன்றும் பெரும்பாலான கணினிகளினதும் கைத்தொலைபேசிகளினதும் இயல்பான அமைப்பு இதுவே.

ஆகவே இறுவட்டிலிருந்து எடுத்த பாட்டைக் கணினியில் ஒலிக்கவிடும்போது, 44,100 எண்களை 48,000 எண்களாக இடைக்கணக்குப் போட்டு மாற்றுகிற வேலை நமக்குத் தெரியாமலே நடக்கிறது. காரணம் இருக்கிறது. கணினியில் பாட்டும் மின்னஞ்சல் வந்த மணியோசையும் ஸ்கைப் காலத்திலிருந்து நமக்குப் பழகிப்போன அழைப்பொலியும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் கலப்பதற்கு எல்லாம் ஒரே வீதத்தில் இருக்க வேண்டும். அந்தக் கலவைக் கூடத்தைத் தாண்டித்தான் இசை வெளியே வருகிறது. ஆயிரம் பவுண் பெட்டியை வெளியே வைத்தாலும், அதற்குப் போய்ச் சேர்வது கலவைக் கூடத்திலிருந்து வந்த எண்கள்தான்.

இன்றைய கணினிகள் இந்த இடைக்கணக்கை விண்டோஸ் எக்ஸ்பி காலத்தைவிடத் திருத்தமாகச் செய்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். அதனால் மாத்திரம் இசை கெட்டுவிடும் என்று நான் வாதிட வரவில்லை. கெடுப்பது வேறொன்று. கலவைக் கூடத்தின் வாசலில் ‘ஒலி மேம்பாடு’ என்ற பெயரில் ஒரு தொகுதி வேலைகள் உட்கார்ந்திருக்கும். தாழ்சுரத்தைக் கூட்டுவது, மடிக்கணினியின் சிறிய ஒலிபெருக்கியை மண்டபம்போல் காட்டுவது, சத்தத்தைச் சமப்படுத்துவது என்று பல. இவற்றுள் கடைசியாகச் சொன்னது இராகம் கேட்பவர்களுக்கு நஞ்சு. ஆலாபனையின் மெல்லிய இழையையும் தனியாவர்த்தனத்தின் உச்சியையும் அது ஏறத்தாழ ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். நண்பரின் கணினியில் அது இயங்கிக்கொண்டிருந்தது. யார் இயக்கினார்கள் என்று அவருக்கே தெரியாது.

இதற்கான மருந்து இலவசம். 2007இல் பொதுப் பாவனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, கலவைக் கூடத்தைச் சுற்றிக்கொண்டு நேரே கருவிக்குப் போகும் தனிவழி ஒன்று இருக்கிறது. ‘எக்ஸ்குளூசிவ்’ என்று அதற்குப் பெயர். பூபார்2000 போன்ற இலவச மென்பொருள்களின் அமைப்பில், வெளியீடு என்ற இடத்தில் மாற்றியின் பெயரை அந்தச் சொல்லோடு சேர்த்துத் தெரிவுசெய்தால் போதும். பாட்டு ஒலிக்கும்போது மற்றச் சத்தங்கள் வாயடைத்துப் போகும். எண்கள் பதிந்தபடியே பெட்டிக்குப் போகும். டைடல், கோபஸ் ஆகிய இசைச் சேவைகளின் கணினி மென்பொருள்களிலும் இத்தெரிவு உண்டு. அப்பிள் கணினி வைத்திருப்பவர்கள் ‘ஓடியோ மிடி செற்றப்’ என்ற இடத்தில் பாட்டின் வீதத்தைத் தாமே தெரிவுசெய்ய வேண்டும்; பாட்டுக்குப் பாட்டு அது தானாக மாறுவதில்லை.

ஒரு எச்சரிக்கையும் தேவை. தனிவழியில் போகும்போது கணினியின் ஒலியளவுக் கட்டுப்பாடு பல வேளைகளில் வேலை செய்யாது. முழுச் சத்தமும் ஒரேயடியாக வரும். அம்பிளிபயரின் குமிழைக் குறைத்துவிட்டுத்தான் முதல் பாட்டைத் தொடங்க வேண்டும். இந்தப் பாடத்தை நான் கொழும்பு வீட்டில் நள்ளிரவில் கற்றுக்கொண்டேன். அயலவர்கள் பெருந்தன்மையானவர்கள்.

வழி சரியாகிவிட்டதா என்று அறிவதற்குக் காதைக்கூட நம்ப வேண்டியதில்லை. வந்துசேரும் வீதத்தைப் பல மாற்றிகள் எண்ணாகவோ விளக்கின் நிறமாகவோ காட்டும். இறுவட்டுப் பாட்டுக்கு 44.1 என்றும் திரைப்பட ஒலிக்கு 48 என்றும் அது மாறினால் வழி திறந்திருக்கிறது. எதைப் போட்டாலும் 48 என்றே நின்றால் இடையில் யாரோ கைவைக்கிறார்கள்.

நண்பரின் அறையில் இவ்வளவையும் செய்து முடித்து, அவரிடமிருந்த இறுவட்டுப் பிரதி ஒன்றை ஒலிக்கவிட்டோம். வித்தியாசம் இருந்தது. பாட்டில் அல்ல, பாட்டுக்கு முந்திய மௌனத்தில். முன்னர் சுட்டியை அசைக்கும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் மெல்லிய கிறீச்சொலி ஒன்று கேட்கும். அது போய்விட்டது. கணினிக்குள் மின்வழங்கியும் செயலியும் விசிறியும் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் மென்மையான மின்னலையை உற்பத்தி செய்தால் அவற்றின் சத்தமும் அதில் ஒட்டிக்கொள்ளும். வெளியே மாற்றுவதன் உண்மையான பயன் இதுதான். இந்தப் பயனுக்கு ஆயிரத்து இருநூறு பவுண் தேவையில்லை. அப்பிள் நிறுவனம் 2018இல் 9 டொலருக்கு வெளியிட்ட, விரலளவு நீளமுள்ள ஹெட்போன் இணைப்பிக்குள்ளும் ஒரு மாற்றி இருக்கிறது. அதன் இரைச்சல் இறுவட்டின் 96 டெசிபெல் எல்லைக்கும் கீழே இருப்பதை அளந்து பார்த்தவர்கள் கண்டார்கள்.

சில வீடுகளில் மாற்றி வைத்த பின்னரும் ‘ம்ம்ம்’ என்ற உறுமல் போகாது. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கினால் உடனே நின்றுவிடும். கணினியும் அம்பிளிபயரும் இரண்டு வழிகளால் நிலத்தோடு தொடுக்கப்பட்டு, இடையில் வளையமாக மின்னோட்டம் ஓடுவதால் வரும் வினை அது. என் வீட்டில் இருந்ததும் அதுவே. விலைகூடிய யு.எஸ்.பி. கேபிள் வாங்கும்படி ஒருவர் ஆலோசனை சொன்னார். அதைக் கேட்காமல் ஒப்டிக்கல் கேபிள் ஒன்றை வாங்கினேன். தோஷிபா நிறுவனம் 1983இல் அறிமுகப்படுத்திய இந்த இணைப்பில் எண்கள் ஒளியாகப் போகின்றன. ஒளி உறுமலைச் சுமப்பதில்லை. கணினியில் அதற்குரிய துளை இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

இனி, வியாபாரிகள் சொல்லும் அந்தக் கால் பங்கு. 44,100 போதாது, 96,000, 192,000 என்று ஏற ஏற இசையின் ஆன்மா வெளிப்படும் என்கிறார்கள். 2007இல் மேயர், மொரன் என்ற இரு அமெரிக்கர்கள் உயர்வீத ஒலிப்பதிவுகளை ஒலிக்கவிட்டு, இடையில் இறுவட்டுத் தரத்துக்கு இறக்கும் கருவியொன்றைக் கேட்போருக்குத் தெரியாமல் இணைத்தும் விலக்கியும் சோதித்தார்கள். 554 தடவைகளில் சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டவை 276. நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இதே முடிவு வந்திருக்கும். மறுபக்கத்தையும் சொல்வதுதான் முறை. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரீஸ் 2016இல் 18 ஆய்வுகளைத் தொகுத்து, 52.3 வீதம் சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று காட்டினார். பயிற்சி பெற்றவர்களுக்கு அது இன்னும் கூடியது. ஆகவே வித்தியாசம் அறவே இல்லை என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. ஆனால் நூற்றுக்கு 52 என்ற வித்தியாசத்துக்கு ஒரு குடும்பத்தின் ஒரு மாத வாடகையைக் கொடுக்கலாமா என்பது வேறு கேள்வி.

எம்.கியூ.ஏ. என்ற ஒலிவடிவத்தின் கதை பலருக்கு நினைவிருக்கும். 2014இல் பெரும் முழக்கத்தோடு வந்தது. அதை முழுமையாக விரிப்பதற்கு உரிமம் பெற்ற மாற்றி வேண்டும் என்றார்கள். மக்கள் இருந்த பெட்டியை விட்டுப் புதிய பெட்டி வாங்கினார்கள். 2023இல் அந்தக் கம்பனி நிர்வாகிகளின் கைக்குப் போனது. 2024 ஜூலையில் டைடலும் அவ்வடிவத்தைக் கைவிட்டது. 2001இலிருந்து யாருக்கும் உரிமப்பணம் கொடுக்காமல் கிடைக்கிற பிளாக் வடிவம் இன்றும் நின்று நிலைக்கிறது.

நண்பருக்கு இதெல்லாம் பெரிய செய்தியாகப் படவில்லை. அவர் அந்தப் பெட்டியை வாங்கியதே வேறொன்றுக்காக என்பதை மறுநாள் காலையில்தான் சொன்னார். 1982ஆம் ஆண்டு ஊர்க் கோயில் திருவிழாவில் நடந்த நாதஸ்வரக் கச்சேரிகளை அவருடைய தகப்பனார் ஒலிநாடாக்களில் பதிந்துவைத்திருந்தார். கோயில் மடத்தில் மின்சாரத்தில் இயங்கிய கசற் ரெக்கோடர் ஒன்றில் பதிந்தவை. ஒவ்வொரு நாடாவின் தொடக்கத்திலும் எத்தனையாம் திருவிழா, யார் வாசிக்கிறார்கள் என்று தகப்பனார் தமது குரலில் சொல்லியிருப்பார். அந்த மனிதர் மறைந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. குரல் வேறெங்கும் இல்லை. மகன் சில ஆண்டுகளுக்கு முன்னர் நாடாக்களையெல்லாம் கணினியில் ஏற்றிக் கொடுத்திருந்தான்.

“கேட்டுப்பார் ஐசே. இது அப்பாவின்ரை குரல் மாதிரி இல்லை. நல்ல பெட்டி வாங்கினால் சரிவரும் எண்டு நினைச்சன்.”

கேட்டேன். குரல் மெலிந்து, சற்று அவசரப்படுவதுபோல் இருந்தது. நாதஸ்வரமும் எடுப்பாக, இறுக்கமாக ஒலித்தது. பெட்டி தன் வேலையைப் பிழையின்றிச் செய்தது. பிழையை எள்ளளவும் குறையாமல் அப்படியே கொண்டுவந்து தந்தது.

மகனை அழைத்து எப்படி ஏற்றினாய் தம்பி என்று கேட்டேன். பழைய பொருள்கள் விற்கும் கடையில் கிடைத்த கைக்கசற் கருவி ஒன்றின் ஹெட்போன் துளையை மடிக்கணினியின் மைக் துளையோடு இணைத்தானாம். வேறென்ன செய்வான், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மைக் துளை என்பது பேச்சுக் குரலுக்காக அமைந்தது. பெரும்பாலும் இடம் வலம் என்ற பிரிவே அதில் இருக்காது. பெரிய ஒலி வந்தால் உச்சிகளை வெட்டிவிடும். தவிலின் ஒவ்வொரு அடியும் தலைவெட்டப்பட்டிருந்தது. கைக்கசற் கருவி என்ன வேகத்தில் ஓடியது என்பது அடுத்த கேள்வி. ஒலிநாடா விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். தேய்ந்த வார்ப்பட்டியும் மலிவான மோட்டரும் அதை மதிப்பதில்லை.

வேகத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஓடாசிற்றி என்ற இலவச மென்பொருளில், தகப்பனார் பேசி முடித்து வாசிப்புத் தொடங்குவதற்கு முந்திய சில விநாடி மௌனத்தைத் தெரிவுசெய்து அதன் அலைவெண்களைப் பார்த்தோம். நமது நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை அலைகிறது. மின்சாரத்தில் இயங்கிய ரெக்கோடரில் பதிந்த நாடாவில் அந்த 50இன் உறுமல் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். திரையில் இரண்டு முனைகள் தெரிந்தன. ஒன்று சரியாக 50இல். அது ஹரோவில் மடிக்கணினி சேர்த்த உறுமல்; இங்கிலாந்தின் மின்சாரமும் 50தான். மற்றது 52இல். கோயில் மடத்தின் மின்சாரம் 1982இலிருந்து அங்கே காத்திருந்தது. நாடா நூற்றுக்கு 4 வேகமாக ஓடியிருக்கிறது. சுருதியில் அது கால் கட்டைக்கு மேல். (1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் ஜெனரேற்றரில் பதிந்த நாடாக்களுக்கு இந்த உபாயம் பலிக்காது. ஜெனரேற்றர் எந்தக் கணக்குக்கும் கட்டுப்பட்டதல்ல.)

வேகத்தை 96.15 வீதமாகக் குறைத்து, மறுபடி ஒலிக்கவிட்டோம். “அஞ்சாந் திருவிழா” என்று தொடங்கியது குரல். நண்பர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். நானும் மகனும் ஒன்றும் பேசவில்லை.

எனது மனத்தாங்கல் இங்கேதான் இருக்கிறது. மாற்றி இரண்டு திசைகளில் வேலை செய்கிறது. எண்ணை அலையாக்குவது ஒன்று. அலையை எண்ணாக்குவது மற்றது. முதலாவதைப் பற்றி இலட்சக்கணக்கான சொற்கள் எழுதப்பட்டுவிட்டன. அதற்கு மேற்கத்தியச் சூழலில் நியாயமும் உண்டு. அங்கே இசை முறையான கலையகத்தில் எண்ணாகிக் கடைக்கு வருகிறது. கேட்பவரிடம் மிஞ்சியிருப்பது கடைசி வாசல் மாத்திரமே. நம்முடைய நிலை அதுவல்ல. தவில்மேதை தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். அவரைப் போன்றவர்களின் கோயில் வாசிப்புகள் கலையகங்களில் பிறந்தவை அல்ல. யாரோ ஒரு இரசிகர் மடத்துத் திண்ணையில் இருந்து பதிந்தவை. அந்நாடாக்கள் இடப்பெயர்வுகளில் தொலைந்தவை போக, எஞ்சியவை லண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் பரணில் கிடக்கின்றன. அவற்றுக்கு முதல் வாசல் இன்னும் திறக்கப்படவில்லை, அல்லது மைக் துளை வழியாகத் திறக்கப்பட்டிருக்கிறது. அந்த வாசலில் நூறு பவுண் செலவழிக்க மனமில்லாமல் கடைசி வாசலில் ஆயிரத்து இருநூறு செலவழிக்கிறோம். கடைசி வாசலை அடுத்த ஆண்டும் திருத்தலாம். நாடாவின் காந்தப் பூச்சு நமக்காகக் காத்திருக்காது.

நூறு பவுண் என்றது மிகையல்ல. பேணிப் பராமரித்த பழைய கசற் டெக் ஒன்று, அதன் வெளியீட்டை இரு வழிகளில் வாங்கி யு.எஸ்.பி. மூலம் கணினிக்கு அனுப்பும் பதிவுக் கருவி ஒன்று. இரண்டும் இரண்டாம் கையாகக் கிடைக்கும். உச்சிக்குக் கீழே தாராளமாக இடம் விட்டு, 24 பிட்டில் பதிந்து, பிளாக் வடிவில் சேமித்து, இரண்டு நகரங்களில் இரண்டு பிரதிகள் வைத்தால் ஒரு தலைமுறைக்குப் போதும்.

தை மாதத்தில் நண்பர் தொலைபேசியில் பேசினார். மகன் டெக் ஒன்று வாங்கிவிட்டானாம். மொத்தம் 41 நாடாக்கள். ஆறில் நாடாவைத் தலையோடு அழுத்தும் சிறிய பஞ்சுத் துண்டு விழுந்திருக்கிறது. வேறு வெற்று நாடாக்களிலிருந்து எடுத்து ஒட்டுகிறார்கள். மூன்றில் பூஞ்சணம். அவற்றை இன்னும் தொடவில்லை. பெட்டியைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன். இணையத்தில் வாங்கிய பொருளைத் திருப்ப 14 நாட்கள்தானாம். அவர் மூன்று வாரம் பழைய கேபிளில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டார்.